படை போனால் சர்வாதிகாரி போவான், அப்புறம்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் ஸ்வெட்டரும் மப்ளருமாக வந்து உட்கார்ந்திருக்கும் குன்னூர்ப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘அயல்நாட்டுச் சர்வாதிகாரியைப் படை அனுப்பி அகற்றுவது நியாயமா?’ என்பது தலைப்பு. நியாயமில்லை என்று பேச வந்திருக்கிறேன். முன்வரிசையில் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை அண்ணன்கள். அவர்களுக்குப் பின்னால் வெலிங்டன் ராணுவ முகாமில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஐயாக்கள். இப்படிப்பட்ட சபையில் ‘படையை அனுப்பாதே’ என்று பேச என்னைத் தள்ளிவிட்டிருக்கும் எங்கள் அணித் தலைவருக்கு என் மேல் என்ன கோபமோ தெரியவில்லை.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, பாகிஸ்தானின் யாஹ்யா கான், உகாண்டாவின் இடி அமீன், கம்போடியாவின் போல் பாட் என்று மூன்று சர்வாதிகாரிகளின் பெயர்களைச் சொன்னார். ‘அயல் படை வராமல் இவர்கள் போயிருப்பார்களா?’ என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும்தான் தட்டினேன். ஆனால் தம்பி, அந்த மூன்று பேரும் உங்கள் அணிக்குச் சாட்சி சொல்ல மாட்டார்கள்.

யாஹ்யா கானை எடுத்துக்கொள்வோம். 1971 போரில் நம் தரைப்படையை நடத்தியவர் யார் என்று இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வுக்குப் பிறகு இங்கேயே வாழ்ந்து, 2008 ஜூனில் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமாகி, உதகையில் அடக்கமாகியிருக்கும் மானெக்‌ஷாதான். அன்று பாகிஸ்தானின் பகுதியாக இருந்த கிழக்கு வங்கத்தில் படுகொலை நடந்தது. கோடிக்கு அருகில் அகதிகள் எல்லை தாண்டி நம்மிடம் வந்தார்கள். டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் நம் விமானத் தளங்கள் மேல் குண்டு போட்டது. அதற்குப் பிறகுதான் முழுப் போர். டிசம்பர் 16-இல் டாக்காவில் சரணாகதி, 93,000 பேர் கைதிகள். ‘ஜெயித்துவிட்டோம், அப்படியே ராவல்பிண்டிக்கும் போய் அந்தச் சர்வாதிகாரியைக் காதைப் பிடித்து இழுத்து வருவோம்’ என்று டெல்லி சொன்னதா? மறுநாளே மேற்கு எல்லையிலும் போர் நின்றது. டிசம்பர் 20-இல் யாஹ்யா பதவி இழந்தார். அவரை இறக்கியது தோல்வியில் கொதித்துப்போன அவருடைய நாடும் அவருடைய அதிகாரிகளும். 1972 மார்ச்சில் நம் படை வங்கதேசத்தை விட்டுத் திரும்பிவிட்டது. போன வேலை முடிந்ததும் வீடு திரும்பிய அந்தப் படையைக் காட்டி, அடுத்தவன் நாட்டில் ஆட்சி மாற்றத்துக்கு ஆதாரம் தேடுகிறார் தம்பி!

இடி அமீன் கதையும் இதுதான். 1978 அக்டோபரில் தான்சானியாவின் ககேரா பகுதிக்குள் தன் படையை அனுப்பி, ‘இது இனி என் நிலம்’ என்றவர் அமீன். வீட்டுக்குள் புகுந்தவனைத் துரத்திக்கொண்டு போன தான்சானிய அதிபர் நைரேரேயின் படை, 1979 ஏப்ரலில் உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவைப் பிடித்தது. கொடுங்கோலன் போனான், மகிழ்ச்சி. அப்புறம்? அடுத்து வந்த அதிபர் லூலே 68 நாள்தான் இருந்தார். 1980-இல் பழைய அதிபர் ஒபோட்டே திரும்பி வந்தார். லுவேரோ பகுதியில் மறுபடி படுகொலை. 1986-இல் கிளர்ச்சித் தலைவர் முசெவேனி துப்பாக்கியோடு தலைநகருக்குள் வந்தபோதுதான் அந்தக் கட்டம் முடிந்தது. அமீனோ சவூதி அரேபியாவில் சொகுசாக வாழ்ந்து 2003-இல் மருத்துவமனைப் படுக்கையில் செத்தார்.

போல் பாட் விஷயத்தில் நான் கொஞ்சம் இறங்கித்தான் வர வேண்டும். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த ஆட்சி அது. 1979 ஜனவரி 7-இல் வியட்நாம் படை தலைநகர் நோம் பென்னுக்குள் நுழையாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்களோ. அதை மறுக்கிறவன் மனிதன் இல்லை. ஆனால் வியட்நாம் எதற்காகப் போனது? போல் பாட்டின் கெமர் ரூஜ் படை எல்லை தாண்டி வந்து 1978 ஏப்ரலில் வியட்நாமின் பா சுக் கிராமத்தில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. தன் ஜனங்களைக் காக்கப் போன படை அது. சரி, கொடுங்கோலனை விரட்டியதற்கு உலகம் வியட்நாமுக்கு மாலை போட்டதா? ஐநா சபையில் கம்போடியாவின் நாற்காலியைப் போல் பாட் கூட்டத்திடமே விட்டுவைத்தார்கள். அதற்கு ஆதரவாக அமெரிக்காவும் வாக்களித்தது, சீனாவும் வாக்களித்தது. இன்னொன்றும் உண்டு. வியட்நாமின் நிழலில் 1985-இல் கம்போடியப் பிரதமரான ஹுன் சென் 2023 வரை அதிகாரத்தை விடவில்லை. விட்டபோதும் தன் மகன் கையில்தான் கொடுத்தார்.

ஆக, தம்பி சொன்ன மூன்றுமே தன் எல்லையைக் காக்கவோ அகதி வெள்ளத்தை நிறுத்தவோ நடந்த போர்கள். அடிபட்டவன் திருப்பி அடிப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. அடிபடாதவன், ‘அந்த நாட்டுக்காரன் நல்லா இருக்கணும்’ என்று சொல்லிக்கொண்டு கிளம்புகிறானே, அதுதான் இன்றைய தலைப்பு. அதற்கு உதாரணம் வேண்டுமென்றால் ஈராக்குக்கு வாருங்கள்.

ஈராக் நமக்கு அந்நியமில்லை. தென்னிந்தியத் தேயிலையை வாங்கிக் குடித்த நாடு. 2003 மார்ச்சில், அதிபர் சதாம் உசேனிடம் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அமெரிக்காவும் கூட்டாளிகளும் உள்ளே போனார்கள். ஆயுதம் கிடைக்கவில்லை. உடனே, ‘பரவாயில்லை, சர்வாதிகாரியை அகற்றினோமே’ என்று காரணத்தை மாற்றிக்கொண்டார்கள். எதிரணித் தலைவி அக்கா, ‘தலையை எடுத்துவிட்டால் உடம்பு தானாகச் சரியாகும்’ என்றார். அக்கா, நம் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர் மேல்கிளையை வெட்டுவார், தண்டிலும் வேரிலும் கை வைக்க மாட்டார். அதனால்தான் செடி துளிர்க்கிறது. பாக்தாத்தில் நடந்தது அதுவா? மே மாதத்தில் அமெரிக்க நிர்வாகம் அடுத்தடுத்து இரண்டு ஆணைகள் போட்டது. சதாமின் பாத் கட்சி மேல்மட்டக்காரர்கள் அரசுப் பதவியில் இருக்கக்கூடாது என்று ஒன்று, ராணுவத்தையே கலைத்து இன்னொன்று. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கான ஆண்கள் வேலையில்லாமல், அவமானத்தோடு வீட்டுக்குப் போனார்கள். பிறகு ஐஎஸ் பயங்கரவாதக் கூட்டத்தில் தளபதிகளாக இருந்தவர்களில் பலர் சதாமின் பழைய அதிகாரிகள். 2014 ஜூனில் மோசுல் நகரம் அவர்கள் கையில் விழுந்தது. திக்ரித் மருத்துவமனையில் சிக்கிக்கொண்ட 46 இந்திய நர்சுகளை நினைத்துப் பாருங்கள், பெரும்பாலும் பக்கத்துக் கேரளத்துப் பெண்கள். அவர்கள் பிழைத்து வந்தார்கள். மோசுலில் பிடிபட்ட நம் கட்டடத் தொழிலாளர்கள் 39 பேர் வரவில்லை.

வெலிங்டன் ஐயாக்களுக்கு ஒன்று நினைவிருக்கும். 2003-இல் அமெரிக்கா நம்மிடமும் படை கேட்டது. ஐநாவின் தெளிவான ஆணை இல்லாமல் முடியாது என்று ஜூலையில் வாஜ்பாய் அரசு மறுத்தது. சம்மதித்திருந்தால் மெட்ராஸ் ரெஜிமெண்ட் பையன்களும் ஈராக்கின் ஃபலூஜா தெருக்களில் நின்றிருக்கலாம். அந்த மறுப்பு கோழைத்தனமா? 1987-இல் இலங்கைக்கு அமைதி காக்கப் போன நம் படை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. அங்கிருந்த தமிழர்கள் பட்டது தனிக்கதை. நல்ல நோக்கம் என்று நம்பிப் போனாலும் அந்நிய மண்ணில் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

லிபியாவை ஒரு வார்த்தையில் முடிக்கிறேன். பொதுமக்களைக் காக்க என்று 2011 மார்ச்சில் ஐநாவில் தீர்மானம் போட்டார்கள், நாம் வாக்களிக்காமல் ஒதுங்கினோம். அக்டோபரில் அங்கிருந்த சர்வாதிகாரி கடாஃபி செத்தார். அதன்பின் அந்த நாட்டில் ஒன்றுக்கு இரண்டாக அரசுகள்.

‘அப்படியானால் அந்த மக்கள் சாகட்டும் என்கிறீர்களா?’ என்று அக்கா கேட்பார். நியாயமான கேள்விதான். வட கொரியா மாதிரி, மக்களால் மூச்சுக்கூட விட முடியாத இடங்கள் இருக்கின்றன. என்னிடம் அதற்கு மாத்திரை இல்லை. ஆனால் பிலிப்பைன்ஸின் மார்க்கோஸ் 1986-இல் போனது மணிலா தெருவில் நின்ற ஜனங்களால். இந்தோனேசியாவின் சுகார்த்தோ 1998-இல் போனதும் அப்படித்தான். யூகோஸ்லாவியாவின் மிலோசெவிச்சைப் பாருங்கள். 1999-இல் நேட்டோ 78 நாள் குண்டு போட்டது, மனிதர் நாற்காலியை விட்டு அசையவில்லை. அடுத்த ஆண்டு தேர்தலில் தோற்று, தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் அடம்பிடித்தபோது சொந்த ஜனங்களே வந்து இறக்கினார்கள். படை அனுப்பத் துடிக்கிறவர்கள் முதலில் அந்த ஆளுக்கு ஆயுதம் விற்பதை நிறுத்தட்டும், அவர் திருடிய பணத்தைத் தங்கள் வங்கியில் வாங்கிப் போடுவதை நிறுத்தட்டும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி. 1983 டிசம்பரில் அமெரிக்காவின் சிறப்புத் தூதராக பாக்தாத் போய் சதாமின் கையைக் குலுக்கியவர் ரம்ஸ்ஃபெல்ட். 1988-இல் ஹலப்ஜாவில் சதாம் விஷவாயு போட்டு ஆயிரக்கணக்கான குர்து மக்களைக் கொன்றார். அன்று யாரும் படை அனுப்பவில்லை. 2003-இல் படை அனுப்பியபோது அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் அதே ரம்ஸ்ஃபெல்ட். சதாம் சர்வாதிகாரி ஆனது எந்த வருஷம், அதை முடிவு செய்தது யார் என்று மட்டும் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.