அட்டைப்பெட்டி கிலோ என்ன விலை?

(நுகர்வோர் நாள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

மேசைமேல் இருக்கும் இந்த இனிப்புப் பெட்டியைப் பார்த்துவிட்டு, கூட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு துண்டு கிடைக்கும் என்று முன்வரிசையில் யாராவது நினைத்திருந்தால் மன்னிக்கவும். இது காலிப் பெட்டி. தீபாவளிக்கு அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கியபோது வந்தது. வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன், 60 கிராம். மைசூர்பாகு கிலோ 640 ரூபாய். பெட்டியோடு சேர்த்துத்தான் நிறுத்தார்கள். ஆக, எனக்குக் கிடைத்த மைசூர்பாகு 440 கிராம். இந்த அட்டைக்கு நான் கொடுத்தது 38 ரூபாய் 40 காசு. இதே அட்டையைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டால் என்ன தருவார் என்று உங்களுக்கே தெரியும்.

என் சின்ன வயதில் நல்லெண்ணெய் வாங்கத் தூக்குவாளியோடு போவோம். கடைக்காரர் முதலில் காலித் தூக்கை ஒரு தட்டில் வைப்பார். எதிர்த்தட்டில் கூழாங்கல், துருப்பிடித்த ஆணி, புளியங்கொட்டை என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் போட்டு முள்ளை நேராக நிறுத்துவார். அப்புறம்தான் படிக்கல் ஏறும், எண்ணெய் இறங்கும். இதற்குத் ‘தடை கட்டுதல்’ என்று பெயர். அவ்வளவு மெனக்கெட்டார்கள். இன்றைய மின்னணுத் தராசில் அதற்கென்றே ‘டேர்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் போதும். அதைத் தட்டத்தான் கை வருவதில்லை.

விற்கப் போகும் விவசாயியைக் கேளுங்கள். மூட்டையை எடை போட்டதும் ‘சாக்குக்குக் கழிவு’ என்று முதல் வேலையாகக் கழிக்கிறார்கள். சாக்கின் எடையைவிடக் கூடுதலாகவே கழிப்பதும் உண்டு. அங்கே மறக்காத கழிவு, நாம் வாங்கப் போகும்போது மட்டும் எப்படி மறந்துபோகிறது?

‘அப்படிப் பார்த்தால் மீன்கடையில் தலைக்கும் குடலுக்கும் சேர்த்துத்தானே காசு?’ என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். இறாலில் தலையும் ஓடும் போனால் ஏறக்குறையப் பாதிதான் மிஞ்சும். ஆனால் மீனை முழுசாக நம் கண்முன்னே நிறுக்கிறார். விலையும் அதற்கேற்ற விலை. வஞ்சிரத் தலையை விட்டுவிட்டு வந்தால் வீட்டில் குழம்புக்கு யார் பதில் சொல்வது? கோழிக்கடைப் பலகையில் உயிர்க்கோழிக்கு ஒரு விலை, உரித்ததற்கு ஒரு விலை என்று எழுதியிருக்கிறது. கழிவு போகும் என்று தெரிந்தே வாங்குகிறோம். அதில் எனக்கு வழக்கில்லை. மைசூர்பாகில் கழிவு ஏது?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, உறையில் அச்சிடும் நிகர எடை என்பது உறை நீங்கலான எடை. பிஸ்கட் பொட்டலத்தில் போட்டிருப்பது பிஸ்கட்டின் எடை மட்டும்தான். சில்லறையாக நிறுத்துக் கொடுத்தாலும், காசு வாங்கிய அளவுக்குக் குறைவாகப் பொருள் கொடுப்பது 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டத்தில் குற்றம். நம் மாநிலத்தில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெட்டிக்கு ஐந்து ரூபாய் என்று பில்லில் தனியாகப் போடட்டும். வேண்டுமா, தூக்குச்சட்டி கொண்டு போகலாமா என்று நான் முடிவு செய்துகொள்கிறேன்.

போன வாரம் அதே கடைக்குப் போனேன். ‘தம்பி, பெட்டியைக் கழிச்சுட்டுப் போடுப்பா’ என்றேன். ‘பெட்டிக்கு நாங்க காசே வாங்கறதில்லையே சார்’ என்றார் அந்தப் பையன், முழு நம்பிக்கையோடு. சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார், அவரைக் கோபித்து என்ன பயன்? ‘சரி, காலிப் பெட்டியை வச்சு அந்தப் பொத்தானை அமுக்கு’ என்றேன். 60 என்று காட்டியது பூஜ்யமானது. வழக்கத்தைவிட இரண்டு துண்டு கூடுதலாகப் போட்ட பிறகுதான் 500 வந்தது. பெட்டியைத் தூக்கியதும் தராசில் ‘-60’ என்று நின்றது. எனக்குப் பின்னால் நின்ற அம்மா எட்டிப் பார்த்து, ‘அது என்னங்க மைனஸ்?’ என்று கேட்டார்.