ரேஷனில் வராத ரொட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டனின் ரேஷனைப் பற்றி யார் பேசினாலும், என்னென்ன கொடுத்தார்கள் என்றுதான் தொடங்குவார்கள். ஒரு ஆளுக்கு வாரத்துக்குச் சுமார் 55 கிராம் தேயிலை, அதே அளவு வெண்ணெய், 225 கிராம் சர்க்கரை, கொஞ்சம் இறைச்சி, கிடைத்தால் ஒரு முட்டை. கேட்கும்போதே வயிறு காய்கிறது. இதை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் ஒரு மாதம்கூட ஓட்டியிருக்க முடியாது. அவர்கள் வயிற்றை நிரப்பியவை ரேஷனில் வராத இரண்டு பொருள்கள்: ரொட்டியும் உருளைக்கிழங்கும். போர் முடியும்வரை இந்த இரண்டுக்கும் ரேஷன் அளவே கிடையாது. விலை ஏறாமல் இருக்க அரசாங்கம் கைக்காசைப் போட்டது.

நம் ஊர் ரேஷன் கடையை மனத்தில் வைத்துக் கேட்டால் இது தலைகீழாகத் தெரியும். நமக்கு ரேஷன் என்றாலே அரிசி. வெண்ணெய், இறைச்சி எல்லாம் அவரவர் பாடு. அங்கே பசிக்குச் சாப்பிடுவதைத் திறந்துவிட்டு, ருசிக்குச் சாப்பிடுவதை அளந்து கொடுத்தார்கள். இது தற்செயலாக அமைந்ததல்ல.

போருக்கு முன் பிரிட்டன் தன் உணவில் பாதிக்கு மேல் கப்பலில்தான் இறக்கிக்கொண்டிருந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களை முழுக்கவே நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? 1939 கடைசியில் கேம்பிரிட்ஜில் இரண்டு ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். ராபர்ட் மெக்கன்ஸ், எல்ஸி விடோசன். இருவருக்கும் தங்கள் உடம்பிலேயே சோதனை செய்து பார்ப்பது பழக்கம். அதற்குச் சில வருடம் முன்பு ஸ்ட்ரான்ஷியம் உப்பை ஊசி வழியாகத் தங்களுக்கே ஏற்றிக்கொண்டு, காய்ச்சலும் நடுக்கமுமாகப் படுத்துக் கிடந்தவர்கள். இந்தத் தடவையும் நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு தாங்களே சாப்பிட உட்கார்ந்தார்கள். வாரத்துக்கு ஒரு முட்டை, அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறைச்சி, சுமார் 115 கிராம் மீன், வெண்ணெய்க்குப் பதிலாகத் தடவும் மார்கரின் அதே அளவு. பால் நாளைக்கு ஒரு டம்ளருக்கும் குறைவு. முழுக்கோதுமை ரொட்டி, உருளைக்கிழங்கு, காய்கறி மட்டும் வேண்டிய மட்டும். மூன்று மாதம் இதுதான் சாப்பாடு. பிறகு ஜனவரிக் குளிரில் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்குப் போய் மலையேறினார்கள், சைக்கிள் மிதித்தார்கள். போர்க்காலத்தில் உழைக்கிறவனின் உடம்பு இந்தச் சாப்பாட்டில் தாங்குமா என்று பார்க்க வேண்டுமே!

தாங்கியது. யாருக்கும் தெம்பு குறையவில்லை. குறை என்று அவர்கள் எழுதி வைத்தவை மூன்று. அவ்வளவு ரொட்டியையும் கிழங்கையும் மென்று முடிக்கவே வெகுநேரம் ஆனது. வாயுத் தொல்லை தாங்கவில்லை. அப்புறம், மலத்தின் அளவு 250 சதவீதம் கூடியது. வானொலியில் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள், நாம் சொல்வதில் என்ன!

ஆனால் சுண்ணாம்புச் சத்தில் ஒரு சிக்கல் இருந்தது. கோதுமைத் தவிட்டில் ஃபைட்டிக் அமிலம் இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. தவிட்டோடு சேர்த்து அரைத்தால்தான் இருக்கிற கோதுமை ஊர் முழுக்கப் போதும். தவிடு கூடினால் எலும்புக்குச் சேர வேண்டிய கால்சியம் போய்விடும். பாலோ அளவாகத்தான் கிடைக்கிறது. இருவரும் மறுபடி தங்கள் உடம்பிலேயே கணக்குப் பார்த்தார்கள். தின்ற கால்சியம் எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு. தீர்வு மிக மலிவானது: மாவில் சீமைச் சுண்ணாம்பைக் கலப்பது. கலப்படம் என்று எதிர்ப்பு வராமல் இல்லை. ஆனாலும் போர் நடக்கும்போதே கலக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் பிரிட்டனில் விற்கும் வெள்ளைக் கோதுமை மாவில் கால்சியம் சேர்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

கோதுமையை வீணாக்காமல் அரைத்த மாவில் 1942-இல் வந்த 'தேசிய ரொட்டி' பழுப்பும் சாம்பலுமாக இருந்தது. கோதுமையில் 85 சதவீதம் மாவாகிவிடும். வெள்ளை ரொட்டிக்குப் பழகிய ஜனங்கள் அதைத் திட்டிக்கொண்டேதான் சாப்பிட்டார்கள்.

உணவு அமைச்சர் வுல்ட்டன் பிரபு. அவருக்கு அறிவியல் ஆலோசகர் ஜாக் டிரம்மண்ட் என்ற உயிர்வேதியியலாளர். வைட்டமின்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்திட்டு அழைக்கும் வழக்கத்தை 1920-இல் முன்மொழிந்தவர் இவர்தான். எல்லோருக்கும் ஒரே அளவு கொடுத்தால் அது நியாயமாகிவிடாது என்று அந்த அமைச்சகத்துக்குத் தெரிந்திருந்தது. கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பச்சை அட்டை. அதை நீட்டினால் தினம் ஒரு பைண்ட் பால், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல், பாதி விலைக்கு. வசதி இல்லாதவர்களுக்கு இலவசம். ஆரஞ்சுச் சாறும் மீன் எண்ணெயும் தனி. மார்கரினில் வைட்டமின் ஏ-யும் டி-யும் சேர்த்தார்கள். குண்டு விழுந்துகொண்டிருந்த அந்த நாட்டில் போரின் முடிவில் பச்சிளங்குழந்தைச் சாவு, போருக்கு முன்பு இருந்ததைவிடக் குறைவாக இருந்தது. இதில் மருந்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அதற்கு முன் பாலே வாங்க முடியாத குடும்பங்களுக்கு அந்தப் பச்சை அட்டை என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓட்டையும் இருந்தது. உணவகத்தில் சாப்பிட அட்டை தேவையில்லை. காசுள்ளவர்கள் வெளியே போய்ச் சாப்பிட்டார்கள். 1942-இல் ஒரு சாப்பாட்டுக்கு ஐந்து ஷில்லிங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு வைத்ததோடு சரி.

அதே ஆண்டுகளில் அதே லண்டன் அரசாங்கத்தின் கீழ் வங்காளமும் இருந்தது. 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. வங்காளத்தில் வயிற்றை நிரப்புவது அரிசி ஒன்றுதான். அதை அளந்து கொடுக்கவும் இல்லை, விலையை உறுதியாகப் பிடித்து வைக்கவும் இல்லை. 1943 மார்ச்சில், இருந்த விலைக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். கல்கத்தாவில் முறையான ரேஷன் வந்தது 1944 தொடக்கத்தில். அதற்குள் பஞ்சத்தில் கிராமங்கள் செத்துவிட்டிருந்தன.

ஊட்டச்சத்து அறிவியல் இந்தியாவில் இல்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. நம் குன்னூரிலேயே பெரிய ஆய்வுக்கூடம் இருந்தது. அதன் இயக்குநர் ஆய்க்ராய்ட், அரிசி தின்னும் ஏழையின் உணவில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பல வருடமாக ஆராய்ந்தவர். கடைசியில் பஞ்ச விசாரணைக் குழுவில் உட்கார்ந்து செத்தவர்களைக் கணக்கிடும் வேலைதான் அவருக்கு வாய்த்தது. குழு சொன்ன கணக்கு 15 லட்சம். அது குறைவான கணக்கு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். 30 லட்சம் வரை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

போர் முடிந்த பிறகுதான் பிரிட்டனில் ரொட்டிக்கே ரேஷன் வந்தது, 1946 ஜூலையில். உலகம் முழுக்கக் கோதுமைத் தட்டுப்பாடு. தோற்ற ஜெர்மனியின் ஒரு பகுதிக்கும் அவர்களே சோறு போட வேண்டியிருந்தது. ஜெயித்த நாட்டில் ரொட்டிக்கு வரிசையா என்று ஜனங்கள் கொதித்துப்போனார்கள். இரண்டு வருடத்தில் அதை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பர் வரை நீண்டது. இறைச்சிக்கு 1954 ஜூலையில் விடுதலை.

அந்தச் சர்க்கரைக்கு இன்னொரு கதை இருக்கிறது. ரேஷன் போனதும் சராசரி ஆள் தின்னும் சர்க்கரை கிட்டத்தட்ட இரட்டிப்பானது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் பிறந்த சுமார் 60,000 பேரின் உடல்நலப் பதிவுகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2024-இல் வெளியிட்டார்கள். கருவிலும் முதல் இரண்டு வயதிலும் ரேஷன் சர்க்கரையோடு வளர்ந்தவர்களுக்கு, முதுமையை நெருங்கும்போது இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 35 சதவீதம் குறைவு. வந்தவர்களுக்கும் அது நான்கு வருடம் தள்ளியே வந்திருக்கிறது.

நன்றி, வணக்கம்.