பௌர்ணமி அன்னிக்கு ஹனோய்ல போய் இறங்குனோம்

எல்லாருக்கும் வணக்கம். வியட்நாம்ல என்னென்ன பாக்கலாம்னுதான் எனக்கு தலைப்பு குடுத்தாங்க, நான் கேட்டு மாத்திக்கிட்டேன். பாக்க வேண்டிய இடமெல்லாம் போன்ல தட்டுனா வந்துடும், அதுக்கு நான் எதுக்கு மைக் புடிக்கணும். முத நாள் பத்தி மட்டும் பேசுறேன். முதுகுல பைய மாட்டிக்கிட்டு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு ஒரு தெரியாத ஊருல இறங்குனா, ராத்திரி படுக்குறதுக்குள்ள கண்ணுல என்ன படுதுங்கறது மட்டும்.

நம்ம புதுச்சேரில சைகோன்னு சொன்னா, வியட்நாமுக்கு தெக்க இருக்குற, இப்ப ஹோ சி மின் சிட்டின்னு சொல்ற ஊருதான், யாருக்கும் விளக்க வேணாம். பிரெஞ்சுக்காரன் காலத்துல இங்கருந்து பட்டாளத்துக்கும் ஆபீஸ் வேலைக்கும் கப்பலேறி போனவங்க, அங்கயே கல்யாணம் பண்ணி பிள்ளகுட்டியோட திரும்புனவங்கன்னு தெருவுக்கு ஒரு வீடாவது சொல்லுவாங்க. நெம்னு சொல்ற வியட்நாம் பொரிச்ச ரோல தின்னு வளந்தவங்க இந்த கூட்டத்துலயே இருப்பீங்க. அதனால என் மண்டைக்குள்ள வியட்நாம்னா சைகோன்தான், வெயில்தான். ஆனா டிக்கெட் மலிவா கிடைச்சது ஹனோய்க்கு, அது வடக்கு, பிப்ரவரில அங்க நல்ல குளிரு. புதுச்சேரில ஸ்வெட்டருக்கு கடை கடையா அலைஞ்சத இன்னொரு கூட்டத்துக்கு வெச்சிக்கிறேன்.

போய் சேர்ற தேதிலதான் வீட்டுல சண்டை. 2024 பிப்ரவரி 24, மாசி மகம். வைத்திக்குப்பத்துல சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு கடலுக்கு வர்ற அன்னிக்கு எவனாவது ஊர்ல இல்லாம இருப்பானான்னு மாமியார் கிளம்புற வரைக்கும் முகம் குடுத்து பேசல.

நொய் பாய் ஏர்போர்ட்ல ஒண்ணும் பெரிசா இல்ல. விசாவ முன்னாடியே ஆன்லைன்ல 25 டாலர் கட்டி எடுத்து பிரிண்ட் போட்டு வெச்சிருந்தோம், கவுண்டர்ல இருந்தவரு ஒரு தடவ நிமிர்ந்து பாத்தாரு, சீல் குத்துனாரு, அவ்ளோதான். வெளிய வந்தா டாக்சிக்காரங்க கூப்பிடுறாங்க. எங்க வீட்டுக்காரர் பஸ்சுன்னா பஸ்சுதான்னு நின்னுட்டாரு. 86ம் நம்பர், ஆரஞ்சு கலர் பஸ், கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிறாரு, ஆளுக்கு 45,000 டாங், அதான் அவங்க ஊரு பணம். கேட்டதும் ஒரு நிமிஷம் நெஞ்சு அடைச்சுதான் போச்சு, அப்புறம்தான் கணக்கு போட்டோம், நம்ம ஒரு ரூபாய்க்கு சுமாரா 300 டாங், அப்போ இது 150 ரூபாதான். இந்த சைபருங்க பழகவே நேரமாகும். எல்லா நோட்டுலயும் அவங்க நாட்டுத் தலைவரா இருந்த ஹோ சி மின் தாத்தா ஒரே மாதிரி பாக்குறாரு, அதுல 20,000 நோட்டும் நீலம், 500,000 நோட்டும் நீலம், ஒண்ணு எழுபது ரூபா கூட இல்ல, இன்னொண்ணு 1,600க்கு மேல. எங்க வீட்டுக்காரர் பஸ்சுல உக்காந்ததுல இருந்து நோட்ட மடியில பரப்பி பெருசு ஒரு பாக்கெட், சிறுசு ஒரு பாக்கெட்னு பிரிச்சிக்கிட்டே வந்தாரு. சிவப்பாறு பாலம் தாண்டுனத அவரு பாக்கவே இல்ல. நான் பாத்தேன். அப்புறம் ரோட்டோரமா ஒரு நீள சுவரு வருது, பூராவும் சின்ன சின்ன பீங்கான் துண்டு பதிச்ச படங்க, மீனு, யானை, கப்பல்னு பஸ் ஓட ஓட முடியாம வந்துக்கிட்டே இருக்கு. ஹனோய்க்கு ஆயிரம் வருஷம் ஆனதுக்காக 2010ல முடிச்சாங்களாம், கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர். ஒரே சீட்டுல பக்கத்துல பக்கத்துல உக்காந்து நாங்க ரெண்டு பேரும் ரெண்டு ஊருக்கு வந்து சேந்தோம்னு சொல்லலாம், அவரு ஊர்ல பூரா நோட்டு, என் ஊர்ல பூரா சுவரு.

லாங் பியன்கிட்ட இறங்கி பழைய ஊருக்குள்ள நடந்தோம். பூந்தூறல், வானம் பூரா சாம்பல் கலரு. இப்ப ரோட்ட தாண்டணும். பைக்கு வருது பாருங்க, நிக்காம வருது. சிக்னல் இல்ல. நாம நம்ம ஊர்ல எப்படி தாண்டுவோம், கைய நீட்டுவோம், பாதி ஓடுவோம், நடுவுல நிப்போம், மறுபடி ஓடுவோம். அங்க அத செஞ்சா உண்மையிலயே ஆபத்து, ஏன்னா பைக்கு ஓட்டுறவன் நம்ம வேகத்த பாத்து முன்னாடியே வளைக்கிறான், நாம ஓடுனாலும் நின்னாலும் அவன் கணக்கு தப்பிடும். மெதுவா, ஒரே வேகத்துல, பின்னாடி போகாம நடக்கணும். இத சொல்லிக்குடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க, ஒரு வயசான அம்மா, தோள்ல மூங்கில் கழி, ரெண்டு பக்கமும் தட்டுல பழம், எங்கள திரும்பி கூட பாக்காம இறங்குனாங்க. நான் அவங்க பின்னாடியே போய்ட்டேன். எங்க வீட்டுக்காரர் அந்தப்பக்கமே நிக்கிறாரு, நடுவுல ஒரு பைக்ல ஆளு மறையுற உசரத்துக்கு குட்டி ஆரஞ்சு காய்ச்ச மரம் தொட்டியோட போகுது. அவங்க புது வருஷம் டெட் முடிஞ்சா அந்த மரத்தையெல்லாம் தோட்டத்துக்கே திருப்பி கொண்டு போவாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சது.

இப்ப முக்கியமானதுக்கு வரேன். பாதி கடை வாசல்ல ஸ்டூல் போட்டு அதுமேல பழம், பூவு, கொளுத்துன ஊதுவத்தி, சிவப்பு கலர்ல ஒரு சோறு. அது ஒட்டரிசி, காக்னு ஒரு பழத்தோட சதைய போட்டு வேக வெக்கிறதுல அந்த சிவப்பு வருது. ஒரு அம்மா தகர டப்பாவுல டாலர் மாதிரி அச்சடிச்ச பொய் நோட்ட ஒவ்வொண்ணா போட்டு எரிக்கிறாங்க, செத்துப்போன முன்னோர்களுக்கு செலவுக்காம். தங்குற இடத்து பையன்கிட்ட என்ன விசேஷம்னு கேட்டா, டெட் முடிஞ்சு வர்ற முத பௌர்ணமி, வருஷத்துலயே பெரிய பௌர்ணமி இதுதான்னு சொல்றான். நம்ம மாசி மகமும் அதே பௌர்ணமிதானே! நான் உடனே மாமியாருக்கு வீடியோ கால் போட்டு அந்த ஊதுவத்திய காட்டுனேன், அவங்க பாத்துட்டு "தேங்கா உடைக்கலயா"ன்னாங்க, பேச்சு வந்துடுச்சு.

அன்னிக்கு நிறைய பேரு சைவம் சாப்புடுறாங்க, அதனால சாப்பாட்டுக்கு நான் பயந்துக்கிட்டு போனதெல்லாம் வீண். முட்டி காதுல இடிக்கிற மாதிரி குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலு, எதிர்ல டோஃபு, காளான், கீரை, சூடா சூப்பு. எங்க வீட்டுக்காரருக்கு ஃபோங்கற கறி நூடுல்ஸ் சூப்பு கிடைக்கலன்னு வருத்தம், அது மறுநாள் காலைல தீந்துச்சு.

சாயங்காலம் ஹோவான் கியம் ஏரிய சுத்தி வண்டி விடல, சனி ஞாயிறு அப்படித்தான். குளுருக்கு முட்டைக்காபி குடிச்சோம். 1946ல பால் தட்டுப்பாடு இருந்தப்ப ஹோட்டல்ல வேலை பாத்த ஒருத்தரு முட்டை மஞ்சக்கருவ சக்கரையோட அடிச்சு காபி மேல போட்டுப் பாத்தாரு, அப்படி வந்தது. அடியில காபி நல்ல கசப்பு, மேல நுரை. எனக்கு பிடிச்சது, அவரு ரெண்டு ஸ்பூனோட என் பக்கம் தள்ளிட்டாரு.

சைகோனுக்கு அப்புறம் ரயில்ல போனோம், 1,726 கிலோமீட்டர், மாரியம்மன் கோயில் எல்லாம் பாத்தோம், அத கேக்குறவங்க டீ குடிக்கிறப்ப வாங்க சொல்றேன். நோட்டு மாத்துறது பத்தி சந்தேகம் இருந்தா அதோ கடைசி வரிசையில நீல சட்டை போட்டு உக்காந்திருக்காரு பாருங்க, அவர புடிச்சிக்கோங்க.