இரட்டை என்ஜின் பழைய படகு: ஒன்றின் நோயை இன்னொன்றிடம் கேளுங்கள்

[காட்சி: பின்தளத்து மூடி திறக்கிறது. அடுத்தடுத்து இரண்டு என்ஜின்கள்.]

இந்த மூடியை முதல்முறை தூக்குகிறவருக்கு வயிறு கலங்கும். ஒரு என்ஜினே புரியாதபோது இங்கே இரண்டு உட்கார்ந்திருக்கின்றன. ஆயில் இரண்டு மடங்கு, பெல்ட் இரண்டு மடங்கு, செலவும் அப்படியே. ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஒற்றை என்ஜின் படகில் வெப்ப மீட்டர் 180 பாரன்ஹீட் காட்டினால், அது சரிதானா என்று கையேட்டைப் புரட்ட வேண்டும். இங்கே பக்கத்து மீட்டரைப் பார்த்தால் போதும். அது 160இல் நிற்கிறதா? அப்படியானால் ஏதோ இருக்கிறது. இரண்டும் ஒரே வயது, ஒரே தண்ணீர், ஒரே சுமை. வித்தியாசம் சும்மா வராது.

நாம் பேசப்போவது 1970, 80களில் நிறைய வந்த வகையைப் பற்றி: கார் என்ஜினைப் படகுக்காக மாற்றிய இரண்டு பெட்ரோல் வி8 (எட்டு சிலிண்டர் என்ஜின்), புரொப்பல்லரைச் சுழற்றும் இரண்டு ஷாஃப்ட், இரண்டு சுக்கான்.

[காட்சி: ப்ளோயர் சுவிட்ச்.]

சாவிக்கு முன்னால் இந்த சுவிட்ச். என்ஜின் அறைக் காற்றை வெளியே தள்ளும் விசிறி, அதாவது ப்ளோயர், இதில்தான் ஓடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் படகின் அடிவயிற்றில் போய்த் தங்கும். அங்கே ஒரு பொறி விழுந்தால் அது குண்டுதான். அதனால் ப்ளோயரைக் குறைந்தது 4 நிமிடம் ஓட்ட வேண்டும். பிறகு மூடியைத் திறந்து மூக்கால் ஒரு முறை சோதிக்க வேண்டும். வாடை வந்தால் சாவியைத் தொடவே கூடாது. இதே காரணத்தால்தான் கார் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் இங்கே ஆகாது. பார்க்க ஒன்றாகவே இருக்கும். ஆனால் படகுக்கானதில் பொறி வெளியே வராதபடி மறைப்பு உண்டு.

[காட்சி: மேலிருந்து படகு. புரொப்பல்லர்கள் சுழலும் திசை அம்புக்குறியில்.]

சரி, ஓட்டுவதற்கு வருவோம். கரையை ஒட்டும்போது ஸ்டீயரிங்கை நடுவில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். மெதுவான வேகத்தில் சுக்கானுக்குப் பலம் குறைவு. இரண்டு கியர் கைப்பிடிகள்தான் உங்கள் ஸ்டீயரிங். இடது என்ஜின் முன்னே, வலது என்ஜின் பின்னே என்று போட்டால் படகின் மூக்கு வலப்பக்கம் திரும்பும். படகு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே சுழலும். மாற்றிப் போட்டால் இடப்பக்கம்.

முன்னே போகும்போது, பின்னாலிருந்து பார்த்தால் வலது புரொப்பல்லர் கடிகார முள் திசையிலும் இடது அதற்கு எதிராகவும் சுழல்வதுதான் வழக்கமான அமைப்பு. ரிவர்ஸில் எந்தப் புரொப்பல்லரும் பின்பக்கத்தைக் கொஞ்சம் ஒரு பக்கமாக இழுக்கும். இந்த அமைப்பில் அந்த இழுப்பும் நீங்கள் விரும்பும் திருப்பத்துக்கே கைகொடுக்கிறது. நேராகப் போகும்போதோ, இரண்டின் பக்க இழுப்பும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும்.

புதியவர்கள் செய்யும் ஒரே பெரிய தவறு, என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் தொடுவது. படகு நினைத்தபடி போகவில்லை என்றதும் கை பதறி முறுக்கும். அடுத்த நொடி கரையில் மோதல். ஐடிலிலேயே, அதாவது என்ஜினின் குறைந்தபட்ச வேகத்திலேயே வைத்து, கியரை மட்டும் போட்டு எடுங்கள். முன்னிலிருந்து பின்னுக்கு மாற்றும்போது நியூட்ரலில் ஒரு மூச்சு விடுங்கள். பழைய கியர்பெட்டிக்கு அந்த மரியாதை தேவை. காற்றில்லாத நாளில், திறந்த தண்ணீரில் ஒரு மிதவையைப் போட்டு அரை நாள் இதை மட்டும் பழகலாம்.

வெளியே வந்ததும் காதைத் தீட்டுங்கள். இரண்டு என்ஜினும் ஒரே வேகத்தில் இல்லையென்றால், "உவ்வ்... உவ்வ்..." என்று ஓர் அலை போல ஒலி ஏறி இறங்கும். ஒரு த்ராட்டிலை மயிரிழை நகர்த்தினால் அந்த அலை நீண்டு நீண்டு மறையும். என்ஜின் வேகம் காட்டும் பழைய டேக்கோமீட்டர் பொய் சொல்லும், காது சொல்லாது. ஒலி ஒத்துப்போன பிறகு த்ராட்டில் கைப்பிடிகளைப் பாருங்கள். ஒன்று மட்டும் வெகுதூரம் முன்னே தள்ளியிருந்தால், அந்தப் பக்க என்ஜின் கூடுதலாகப் பாடுபடுகிறது. புரொப்பல்லர் வளைந்திருக்கலாம், கயிறு சுற்றியிருக்கலாம், ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் இருக்கலாம், கேபிளே தளர்ந்திருக்கலாம்.

[காட்சி: இம்பெல்லர், கையில்.]

இப்போது தண்ணீர். பழைய படகு என்ஜின்களின் பெரும்பாலான தலைவலி இங்கேதான். வெளித்தண்ணீர் அடித்தட்டு வால்வு வழியாக வந்து, வடிகட்டியைக் கடந்து, இந்த ரப்பர் இம்பெல்லரால் தள்ளப்பட்டு, கடைசியில் புகையோடு வெளியேறுகிறது. ஸ்டார்ட் செய்ததும் பின்னால் எட்டிப் பார்ப்பது அதற்காகத்தான். இரண்டு குழாயிலும் ஒரே அளவு தண்ணீர் துப்ப வேண்டும். ஒன்று இளைத்திருந்தால் அணைத்துவிட்டு முதலில் வடிகட்டி, அப்புறம் இம்பெல்லர். வால்வைத் திறக்க மறந்து கொஞ்ச நேரம் ஓட்டினாலே ரப்பர் கருகும். கழற்றும்போது இறக்கை ஒன்று குறைந்தால், அந்தத் துண்டு உள்ளே எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (என்ஜின் சூட்டை வெளித்தண்ணீருக்கு மாற்றும் பெட்டி) வாயில். அதைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டுப் பயனில்லை.

மீட்டர் மட்டும் சூடு காட்டுகிறது, தண்ணீர் நன்றாக வருகிறது என்றால்? டேஷ்போர்டின் பின்னால் இரண்டு மீட்டரின் சென்சார் வயர்களையும் இடம் மாற்றுங்கள். அதே மீட்டர் மறுபடியும் உயர்த்திக் காட்டினால் மீட்டர்தான் பழுது. உயர்வு அடுத்த மீட்டருக்குத் தாவினால் சென்சாரோ என்ஜினோதான். அப்போது தொடாமல் அளக்கும் வெப்பமானியை எடுத்து, இரண்டு என்ஜினிலும் ஒரே இடத்தில் நீட்டிப் பாருங்கள்.

உப்புத் தண்ணீரில் ஓடும் படகென்றால் புகை வெளியேறும் ரைசர் குழாய்களின் வெப்பத்தையும் அளந்துகொண்டே இருங்கள். அவை உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயின்ட் பளபளக்கும்! அரித்து ஓட்டை விழுந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் என்ஜின் முடிந்தது. வாங்கும்போது ரைசர் எந்த ஆண்டில் மாற்றியது என்று கேளுங்கள். "தெரியவில்லை" என்றால் விலையில் குறைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, ஓட்டாதீர்கள். மற்ற உலோகங்கள் அரிக்காதபடி தான் கரைந்துபோகும் துத்தநாகத் துண்டுகளைப் பாதி கரைந்ததும் மாற்றுங்கள். நல்ல தண்ணீரில் மட்டும் ஓடினால் துத்தநாகத்துக்குப் பதில் மக்னீசியம். ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் கயிறு போன்ற பேக்கிங் இருந்தால், ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழ வேண்டும். சொட்டே இல்லாதபடி இறுக்கினால் ஷாஃப்ட் சூடாகித் தேயும்.

[காட்சி: இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர்கள்.]

ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த வித்தை ஏமாற்றும் இடமும் உண்டு. பல பழைய படகுகளில் ஒரு என்ஜின் எதிர்த்திசையில் சுழலும்படி கட்டப்பட்டது. செவர்லே வி8 அடிப்படையில் வந்தவற்றில் வழக்கமான ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் பற்றும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. எதிர்த்திசை என்ஜினில் 1-2-7-5-6-3-4-8. பக்கத்து என்ஜினைப் பார்த்து அப்படியே பிளக் வயரை மாட்டினால் வெடிச்சத்தம்தான் மிஞ்சும். ஸ்டார்ட்டர், கேம் ஷாஃப்ட் எல்லாமே வேறு. உதிரிப்பாகம் கேட்கும்போது அந்தந்த என்ஜினின் சீரியல் எண்ணைச் சொல்லுங்கள்.

இன்னொன்று: "ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கிறது" என்ற தைரியம். டேங்கில் தண்ணீர் புகுந்திருந்தால் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனி வடிகட்டி, தண்ணீர் பிரிப்பான், தனி பேட்டரி இருந்தால்தான் அந்தத் தைரியத்துக்கு அர்த்தம்.

[காட்சி: ஒரு என்ஜினில் படகு மெதுவாகத் திரும்புகிறது.]

ஒன்றோடு திரும்பி வருவதையும் முன்கூட்டியே பழகுங்கள். நின்ற என்ஜின் பக்கம் படகு தானாகவே திரும்பும். ஓடும் என்ஜின் பக்கம் மெதுவான வேகத்தில் திரும்பவே மறுக்கலாம். அதனால் எந்தப் பக்கமாகக் கரையை நெருங்குவது என்பதைத் தூரத்திலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கும். நின்ற பக்கத்துப் புரொப்பல்லர் தண்ணீர் ஓட்டத்தில் சும்மா சுழலும். சில கியர்பெட்டிகள் அதைத் தாங்கும், சில ஆயில் கிடைக்காமல் கெடும். உங்களுடையது எது என்பதைக் கையேட்டில் பார்த்து, ஸ்டீயரிங் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.