ஓடையில் கல்லைப் புரட்டும் முன் இதைப் பாருங்கள்! | கொடைக்கானல்

கொடைக்கானல் ஓடையில் கல்மேல் கல்லாக அடுக்கி போட்டோ எடுத்திருக்கிறீர்களா? அந்தக் கல்லுக்கு அடியில் ஒரு பூச்சி, ஓடும் தண்ணீருக்குள்ளேயே தனக்குக் கூடு கட்டிக்கொண்டிருந்திருக்கலாம். சிமென்ட் கிடையாது, பசை கிடையாது. எல்லாம் அதன் வாயிலிருந்து வரும் பட்டு நூல்தான்!

வணக்கம் நண்பர்களே. ராமேஸ்வரம் பக்கம் போனால் பாறைக்குழிகளில் நண்டையும் நட்சத்திர மீனையும் தேடுகிறோம். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரிலும் அப்படித் தேடிப் பார்க்க ஓர் உலகம் இருக்கிறது, பாதிப் பேர் குனிந்து பார்ப்பதில்லை. சோலைக்காடு மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுவதால்தான் கோடையிலும் ஓடை ஓடுகிறது. பின்னணிக்கு இது போதும், கல்லுக்கு வருவோம்.

(காட்சி: தண்ணீருக்குள் கல்லின் அடிப்பக்கம், மிக அருகில்)

இதோ, நகத்தளவு நீளத்தில் ஒரு சுள்ளித்துண்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதே, கொஞ்சம் பொறுங்கள். ஒரு முனையிலிருந்து தலை எட்டிப் பார்க்கும், ஆறு கால்கள் வெளியே வரும், சுள்ளி நடக்க ஆரம்பிக்கும்! இது காடிஸ் ஈ (caddisfly) என்ற பூச்சியின் புழுப்பருவம். கொத்தனார் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொருத்துவது போல, ஒவ்வொரு மணலையும் காலால் உருட்டிப் பார்த்து, பட்டு நூலால் ஒட்டுகிறது. ஈரச் சுவரில் நம் சாதாரணப் பசை சரியாகப் பிடிக்காது. இதன் பட்டு தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொள்கிறது. உடம்பு வளர வளர, கூட்டின் முன்பக்கத்தை நீட்டிக்கொண்டே போகும். சில வகைகள் மணலில் கட்டும், சில இலைத்துண்டில், சில குச்சியில். இன்னும் சில கூடே கட்டுவதில்லை. கற்களுக்கு நடுவே வலை பின்னி, நீரோட்டம் கொண்டு வருவதைச் சாப்பிடும். எனக்கு மணிக்கணக்காகப் பார்த்தாலும் சலிக்காது!

இந்தப் பூச்சிகளில் பல வகை அழுக்குத் தண்ணீரில் தாங்காது. அதனால் ஓடை எவ்வளவு சுத்தம் என்று அறிய ஆய்வாளர்கள் இவற்றையும் தேடுகிறார்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? ஒரு கையில் அடங்கும் கல்லாக எடுங்கள். தண்ணீரை விட்டு முழுதாகத் தூக்காமல், மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பார்த்ததும் அதே இடத்தில், அதே பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். இது மிக மிக முக்கியம். புரட்டி வைத்தால் அடியில் இருந்தவை வெயிலுக்கும் நீரோட்டத்துக்கும் வந்துவிடும், மேலே இருந்த பாசி நசுங்கும். கல்லை அடுக்கினால் ஒட்டியிருப்பவை காய்ந்தே போய்விடும். தயவு செய்து அடுக்காதீர்கள், யாராவது அடுக்கினால் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அப்புறம் நுரை. ஓடைக்கு மேலே இலையில் வெள்ளை நுரை தொங்கினால் குச்சியால் குத்தாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் சில மரத்தவளைகள் நுரைக்கூட்டில் முட்டையிடும். தலைப்பிரட்டைகள் அங்கிருந்து தண்ணீரில் விழும். ஓடையில் கலக்கவே கூடாத நுரை ஒன்று உண்டு, அது ஷாம்பு நுரை. நீரின் மேல் ஓடும் பூச்சிகளைத் தாங்குவது அதன் மேற்பரப்பின் இறுக்கம். சோப்பு அதைக் குலைத்தால் பூச்சி மூழ்கிவிடும். சீயக்காயும் நுரைப்பதுதான், ஓடையில் அதுவும் வேண்டாம்.

தவளை தோல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சும். கொசு மருந்தோ சன்ஸ்கிரீனோ தடவிய கையால் அதைத் தொடவே கூடாது.

2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் இறங்காதீர்கள். மேலே மழை பெய்து தண்ணீர் திடீரென்று கலங்கினால், போனை விட்டுவிட்டாவது உடனே கரையேறுங்கள்.

கூட்டைப் பார்த்தால் படம் எடுத்து அனுப்புங்கள், கூடு ஓடையிலேயே இருக்கட்டும். மணலா, இலையா, குச்சியா என்று கமென்ட்டில் எழுதுங்கள். வலை பின்னும் வகையைத்தான் அடுத்த வீடியோவில் காட்டப்போகிறேன்.