திருந்த வேண்டியது சீனியர்தான்! (துரைப்பாக்கம் பட்டிமன்றத்துல நான் பேசுனது)

நடுவர் அய்யா அவர்களே, எதிர்ல உக்காந்து சிரிச்சிக்கிட்டிருக்க எதிரணி மக்களே, சனிக்கிழமை சாயங்காலம் ஓஎம்ஆர் டிராஃபிக்க தாண்டி வந்து சேந்திருக்க அத்தனை பேருக்கும் வணக்கம். புது மேனேஜர் சொதப்புனா முதல்ல திருந்த வேண்டியது யாரு, அவரா, அவருக்கு மேல இருக்க சீனியரா, இதான் தலைப்பு. நான் சீனியர்தான்னு பேச வந்திருக்கேன். நானே சீனியர்தான், 16 வருஷ சர்வீஸ், என்ன மாதிரி ஆளு யாரும் இந்த அணிக்கு பேரே குடுக்கல அய்யா.

எதிரணி சார் கேட்டாரு, "28 வயசு பையன், கை நிறைய சம்பளம், எப்படி பேசணும்னு சீனியர் பாடம் எடுக்கணுமா"ன்னு. சார், நாம பாடமே எடுக்கறதில்ல, அவன் பாட்டுக்கு நம்மள பாத்து எடுத்துக்குறான்.

போன வருஷம் எங்க டீம்ல ஒரு தம்பிய மேனேஜராக்குனோம், தங்கமான பையன். மூணாவது மாசம் டீ கப்போட மீட்டிங் ரூம் பக்கமா போறேன், கதவு சரியா சாத்தல, உள்ள ஒரு பொண்ணுகிட்ட சொல்றான், "இதெல்லாம் நான் சொல்லித்தான் தெரியணுமா?" அப்படியே நின்னுட்டேன். அது என் டயலாக்! வார்த்தை மட்டுமில்ல, "நான்"ங்கற எடத்துல பேனாவ மேசைல ஒரு தட்டு தட்டுவேன், அதையும் சேத்து தட்டுறான். அந்தப் பொண்ணு லேப்டாப்ப பாதி மூடி கைய மேல வெச்சிக்கிட்டு குனிஞ்ச தல நிமிரல. மூணு நாள் டிரெயினிங் அனுப்பிருந்தோம் சார், சர்டிஃபிகேட்ட சீட்லயே ஒட்டி வெச்சிருந்தான், ஆனா மனசுல ஒட்டுனது என் பேனா சத்தம்.

அவன கூப்ட்டு நாலு வார்த்தை சொல்லணும்னுதான் வாய் வந்துச்சு, எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சொல்றது? வீட்டுக்கு போறப்ப சோழிங்கநல்லூர் சிக்னல்ல வண்டி நகரல (சென்னைல மனுஷனுக்கு யோசிக்க டைம் குடுக்கறது அது ஒண்ணுதான்), உக்காந்து எண்ணிப் பாத்தேன், இந்த வாரம் நான் வாயத் தொறந்ததும் யாரெல்லாம் பேச்ச நிறுத்துனாங்கன்னு. நாலு பேர். ஞாயித்துக்கிழமை ராத்திரி "அர்ஜென்ட் இல்ல, நாளைக்கு பாருங்க"ன்னு மெசேஜ் வேற போட்டிருக்கேன், அர்ஜென்ட் இல்லன்னா அப்ப எதுக்கு போட்டேன்?

எதிரணி அம்மா கலாம் அய்யாவ இழுத்தாங்க, அவரு தானாவே வளந்தவருன்னு. முழுசா சொல்லுங்கம்மா. 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா, கலாம் பொறுப்புல இருந்த எஸ்எல்வி-3 ராக்கெட் கெளம்பி அஞ்சு நிமிஷம் சொச்சத்துல வங்கக் கடல்ல விழுந்துச்சு. கம்ப்யூட்டர் நிறுத்துனத மீறி அனுப்ப முடிவெடுத்தது நான்தான்னு கலாமே பின்னாடி சொல்லிருக்காரு. ஆனா பத்திரிக்கைக்காரங்க முன்னாடி போய் உக்காந்து பதில் சொன்னது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 ராக்கெட் ஜெயிச்சிச்சு, அன்னைக்கு "நீ போய் பேசு"ன்னு கலாம அனுப்பிட்டாரு. கலாம் அத கடைசி வரைக்கும் மேடை மேடையா சொன்னாரே, ஏன்? அவரு கத்துக்கிட்ட எடம் அது.

"உள்ள திரும்பிப் பாத்துக்கிட்டே இருந்தா டெலிவரி யாரு பாக்கறது"ன்னு ஒரு நக்கல் வேற. ஒரு சிக்னல் நேரம் சார், அவ்ளோதான்! நாங்க என்ன இமயமலைக்கா போறோம்?

அடுத்த ரிவ்யூல எல்லார் முன்னாடியும் சொன்னேன், "கிளையன்ட்டுக்கு அந்த தேதிய ஒத்துக்கிட்டது நான், உங்கள ஒரு வார்த்தை கேக்காம ஒத்துக்கிட்டேன், தப்பு என்னோடது." ரூம்ல ஏசி சத்தம் மட்டும் கேட்டுச்சு. தம்பி என்ன ஏதோ உடம்பு சரியில்லாத ஆள பாக்கற மாதிரி பாத்தான். உடனே மாறிட்டானான்னா, இல்ல. ரெண்டு மாசம் அப்படியேதான் இருந்தான், நானும் ரெண்டு வாட்டி பழையபடி எரிஞ்சு விழுந்தேன், பொய் சொல்லக்கூடாது. போன மாசம் அதே ரூம், அதே கதவு, அவன் குரல், "எஸ்டிமேட் போட்டது நான், அவங்கள விடுங்க."

பேனா தட்டறத மட்டும் அவன் இன்னும் விடல. எனக்கே போகலியே, வந்ததுலேருந்து இந்த மைக் ஸ்டாண்ட தட்டிக்கிட்டுதான நிக்கிறேன். இதோ நடுவரும் மணிய தட்டிட்டாரு, உக்காந்துக்கறேன், வணக்கம்.