பிரஷர் பார்க்கத் தெரியுமா?

வணக்கம். குடும்ப மருத்துவம் படிக்க வரும் இளம் டொக்டர்களிடம் "பிரஷர் பார்க்கத் தெரியுமா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர் நீங்கள் என்றால், சரி, பார்த்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

நம்ம மலைநாட்டுக் குளிரில் கிளினிக்குக்கு வரும் அம்மா சுவெட்டர் மேல் சுவெட்டர் போட்டிருப்பார், ஏற்றத்தில் நடந்து வந்த மூச்சும் அடங்கியிருக்காது. டொக்டர் அந்தச் சுவெட்டர் கையைச் சுருட்டி மேலே தள்ளுவார், சுருட்டிய துணி கையை இறுக்கும், அதற்குக் கீழே பிரஷர் மெஷினின் பட்டியைக் கட்டி, கையைத் தொங்க விட்டபடியே காற்றடிப்பார். 160 என்று எழுதுவார். கை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே தொங்கினாலே அளவு கூடுதலாகத்தான் காட்டும், பட்டி சின்னதாக இருந்தாலும் அப்படித்தான். 5 நிமிடம் உட்கார வைத்து, சுவெட்டரைக் கழற்றி, கையை மேசையில் தாங்க வைத்து, முதலில் நாடியைத் தொட்டுக்கொண்டு காற்றடித்துப் பார்த்து, பிறகு ஸ்டெதஸ்கோப்பை வைத்து நொடிக்கு 2 மில்லிமீட்டர் கணக்கில் இறக்கிப் பாருங்கள், எண் மாறலாம். காலம் முழுக்க மாத்திரை குடிப்பதா என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது.

சீனி வருத்தக்காரர் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான். அதற்கான 10 கிராம் நைலோன் இழையை (10 கிராம் அழுத்தத்தில் வளைவது) முதலில் கையில் தொட்டுக் காட்டி, கண்ணை மூடச் சொல்லி, இழை வளையும் வரை அழுத்த வேண்டும். மலையேறி இறங்கிக் காய்த்துப்போன தோலில் வைத்தால் பயனில்லை. "தெரியுதா, தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே தொட்டால் நம்ம ஆட்கள் "ஆமாங்க டொக்டர்" என்பார்கள், மரியாதைக்கு.

இப்படியான கைவேலைகளைக் கற்றுக்கொடுக்க, பேட்டன் என்பவர் 1998இல் எழுதிய நான்கு படி முறை ஒன்று உண்டு. ஆசிரியர் பேசாமல் செய்து காட்டுவார், அப்புறம் விளக்கிச் செய்வார், மூன்றாவதில் மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார், கடைசியில் மாணவரே செய்வார். மூன்றாவதைத்தான் நம்மில் பலர் தாண்டிவிடுகிறோம். மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்பது அங்கேதான் வெளியே வரும்.

இதையெல்லாம் முதலில் ஒருவர் கையில் ஒருவர் பழகட்டும். தேயிலைக் கொழுந்தெடுக்கும் அம்மா அன்றைய பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்திருக்கிறார். "இந்த டொக்டர் பார்க்கட்டுமா அம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். பிழை தெரிந்தால் அவர் முன்னால் மாணவரை ஏசாதீர்கள், ஆனால் அந்த அம்மா எழுந்து போவதற்குள் சரியாக ஒரு தடவை பார்த்துக் கார்டில் எழுதிவிடுங்கள்.